அன்னம்மாளின் கையில் புத்தகம்



நம் பாட்டிமார் காலத்தில் பேராக் தோட்டங்களுக்குச் சுவாமியார் எப்போதாவதுதான் வருவார். 1962-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடும்வரை பூசையும் லத்தீனில்தான். அப்படியென்றால் வேதத்தை நமக்குச் சொல்லித் தந்தவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி, பால் தூக்கி, மாலையில் லயத்து வீட்டில் மெழுகுதிரி ஏற்றிப் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்திய பாட்டிதான். ஜெபமாலையின் 53 பிரியதத்த மந்திரங்களையும் தமிழிலேயே சொல்லுவார். ஒரு மணிகூடத் தப்பாது. எழுத்தோ தெரியாது.

ஜூலை 26 என்றால் அவர்களுக்குப் புக்கிட் மெர்த்தாஜாம் கோயில். அன்னம்மாள் திருநாளுக்குச் சில்லறை சேர்ப்பார்கள். அது கள்ளுக்கடைக்குப் போகாமல் ஒளித்து வைப்பதே பெரும்பாடு. அன்னம்மாள் தேவமாதாவின் தாய். பல சுரூபங்களில் அவர் புத்தகம் விரித்து மகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறார். அந்த அன்னம்மாளைக் கும்பிட்டு வந்தவர்களே, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டு வேலையில் ஆண்கள் கை வைக்காத காலம்.

இன்றும் எங்கள் வகுப்பில் சில பெண் பிள்ளைகள் திடீரென்று வருவதில்லை. விசாரித்தால், "தம்பிக்குக் காய்ச்சல், டீச்சர். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க" என்கிறார்கள்.

அப்பா வீட்டில்தான் இருந்தாராம்.