பட்டறையும் படையும்: ஆர். வெங்கட்ராமனின் பொதுவாழ்வு



ஆர். வெங்கட்ராமனைக் குடியரசுத் தலைவராகவே பலரும் அறிவோம். உருக்காலையும் லாரிப் பட்டறையும் ரிக் வண்டியும் சோறு போடும் இந்தச் சேலம், நாமக்கல் மண்ணில் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக நினைவுகூர்வதே பொருத்தம். தொழில் வளராத நாடு தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்து அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவர்.

பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் 1910இல் பிறந்தார். வழக்கறிஞரானார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இரண்டாண்டு சிறையிருந்தார். தொழிலாளர் வழக்குகளில் பெயர் பெற்று, 1949இல் தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். 1957இல் மக்களவைக்கு மறுபடியும் வென்றிருந்தும், அந்த இடத்தைத் துறந்து காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். பத்தாண்டுகள் தொழில்துறை அவர் பொறுப்பில் இருந்தது. கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது அந்தக் காலத்தில்தான். தொழிலாளியின் வழக்கையும் ஆலையின் கணக்கையும் ஒருசேர அறிந்த அமைச்சர்கள் அரிது.

பின்னர் மத்திய அமைச்சரான அவர், 1982 ஜனவரியில் நிதித்துறையிலிருந்து பாதுகாப்புத் துறைக்கு மாறினார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்ற திட்டத்தோடு பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் வி. எஸ். அருணாசலமும் ஏவுகணை விஞ்ஞானி அப்துல் கலாமும் அவரிடம் வந்தனர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்றார் வெங்கட்ராமன். விஞ்ஞானிகளே தயங்கிய இடத்தில் அமைச்சர் துணிந்தார். இதைப் பதிவு செய்தவர் கலாமே. 388 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்து, 1983 ஜூலையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் பிறந்தது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என ஐந்தும் அதில் அடங்கின. 1984 ஏப்ரலில் நம் படை சியாச்சினில் கால் பதித்தபோதும் அவரே அமைச்சர்.

அந்த நாற்காலியில் அவர் இருந்தது இரண்டரை ஆண்டுகள்தான். 1988இல் பிருத்வியும் 1989இல் அக்னியும் விண்ணில் பாய்ந்தபோது, முப்படைகளின் தலைமைத் தளபதியுமான குடியரசுத் தலைவர் பொறுப்பில் அவர் இருந்தார். தேர்தலுக்குள் பலன் தராத வேலைக்கும் பணம் ஒதுக்குபவரே நல்ல அமைச்சர். இந்த அளவுகோலில் வெங்கட்ராமன் முதல் வரிசையில் நிற்கிறார்.

அந்தப் பாதுகாப்புத் துறையின் வேலையில் இன்று நமக்கும் இடம் உண்டு: 2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்று. வரைபடத்தில் ஊர்ப்பெயர் ஏறினால் மட்டும் போதாது. படைக்குச் செல்லும் ஒவ்வொரு பாகமும் கடும் சோதனையில் தேற வேண்டும். அதற்கான பரிசோதனைக் கூடமும் பயிற்சியும் பொறுமையான முதலீடும் இங்கே வேண்டும். சேலத்து லேத் பட்டறைக்காரர்களும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுபவர்களும், திருச்செங்கோட்டு ரிக் தயாரிப்பாளர்களும், நம் பொறியியல் கல்லூரிகளும் ஒரே மேசையில் அமருங்கள். இவற்றை அரசிடம் கேளுங்கள், தரத்தால் பதில் சொல்லுங்கள். அவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.