கழுவெளிக் கணக்கை நாமும் எழுதுவோம்

(கழுவெளி ஓரத்துக் கிராமம் ஒன்றில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



நோட்டீசில் பறவைக் கணக்கெடுப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "உரம் கிடைக்கல, கொள்முதல் நிலையத்துல மூட்டை நனையுது, செயலாளர் குருவி எண்ணக் கிளம்பிட்டாரா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்றரைக் காணி மல்லாட்டை போட்டிருந்தேன். பிடுங்கப் பத்து நாள் இருக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுப்பன்றி இறங்கிக் கிளறிப் போட்டுவிட்டது. நஷ்ட ஈடு கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். "என்னைக்கு வந்தது? எத்தனை உருப்படி? சர்வே நம்பர் என்ன? போட்டோ இருக்கா? இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்கள். என்னிடம் வாய்ப்பேச்சைத் தவிர ஒன்றும் இல்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே தை மாசம் கழுவெளிக் கரையில் ஒரு காலேஜ் பொண்ணு பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தது. காலை 6.40 முதல் 7.10 வரை, இன்ன இடம், நத்தைகுத்தி நாரை இத்தனை, பூநாரை இத்தனை, உள்ளான் இத்தனை என்று எழுதிச் செல்போனில் ஏற்றியது. அந்தப் பொண்ணுக்கு இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் கழுவெளியைப் பற்றி அது எழுதியது நிற்கிறது. நாற்பது வருஷமாக இந்தக் கரையில் மாடு ஓட்டுகிற என் பேச்சு நிற்கவில்லை. முதலில் ஆத்திரமாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தப் பொண்ணு மேல் என்ன தப்பு? எழுதாதவன் நான்.

தோழர்களே, இது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாசம் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொதுமக்களே பறவை எண்ணுகிறார்கள். ஈ-பேர்ட் என்ற கணக்கில் யார் வேண்டுமானாலும் பதியலாம், காசு கிடையாது. இப்படி 30,000 பேருக்கு மேல் பதிந்த 3 கோடிக் குறிப்புகளை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வந்தது. அதில் 942 இனங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பல பறவைகள் குறைகின்றன. மயில் மட்டும் ஏகமாகப் பெருகியிருக்கிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. கம்பையும் உளுந்தையும் மயில் தின்கிறது என்று நாம் சொன்னால் புலம்பல் என்றார்கள். இப்போது பறவை பார்க்கிறவன் எழுதிய கணக்கே நம் பக்கம் சாட்சி சொல்கிறது பாருங்கள்!

சரி, நம் ஊர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். வானூர், மரக்காணம் இரண்டு வட்டத்திலும் பரந்து கிடக்கிற 5,151 ஹெக்டேர் கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அர்த்தம். நான் இதை எதிர்க்கவில்லை. ஏரி ஏரியாக இருந்தால்தான் நம் கிணற்றில் நல்ல தண்ணி இருக்கும், உப்புத்தண்ணி ஏறாது. இறால் பண்ணைக்கும் மனை போடுகிறவனுக்கும் போவதைவிட நாரைக்குப் போகட்டும்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரிக்க வேண்டும். அவர் பிரகடனம் வெளியிட்ட 2 மாதத்துக்குள் உரிமை உள்ளவர்கள் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். எழுத்து மூலமாக என்பதைக் கவனியுங்கள். எந்த வழியாக மாடு போகும், எந்த மாசம் கோரை அறுப்போம், எந்த மடுவில் மீன் பிடிப்போம் என்பதெல்லாம் நம் தலைக்குள் இருக்கிறது. காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இருப்பது பறவை மட்டும்தான். அப்படியானால் இங்கே மனுஷனே இல்லை என்றுதானே படிக்கிறவன் நினைப்பான்?

வடக்கே வேடந்தாங்கல் ஜனங்களைப் பாருங்கள். நாரை, கொக்கு எச்சம் விழுந்த ஏரித்தண்ணி பயிருக்கு உரம் என்று அவர்களுக்கு எந்த ஆபீசரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுட்டபோது சண்டை போட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டு கடைசியில், கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவையைக் காப்பதற்குக் கவுலே எழுதி வாங்கினார்கள். அது சரணாலயம் ஆனது 1936-இல். அதற்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே சம்சாரி கையில் காகிதம் இருந்தது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நெல்லில் விஷம் கலந்து கொக்கு பிடிக்கிற ஆள் எங்கே வருகிறான் என்பது நமக்குத் தெரியும். பேசாமல் இருக்கிறோம். அதையும் நோட்டில் எழுத வேண்டும், சொந்தக்காரனாக இருந்தாலும்.

எழுதுவது பெரிய வித்தை இல்லை. தேதி, நேரம், இடம், எத்தனை, யார் பார்த்தது. பதினைந்து நிமிஷம் நின்று பார்த்தால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும், பூநாரையை மட்டும் எழுதிவிட்டுக் காக்காயை விடக்கூடாது. பத்து மயிலை நூறு என்று எழுதினால் அடுத்த தடவை உண்மையையும் நம்ப மாட்டார்கள். பேர் தெரியாவிட்டால் நாம் கூப்பிடுகிற பேரைப் போடுங்கள், வாலாட்டி, மடையான், ஆள்காட்டி என்று. படித்த பிள்ளைகள் செல்போனில் ஏற்றும்போது சரி செய்துகொள்ளட்டும். பன்றி வந்தால் சர்வே நம்பர், காலடித் தடம், காலையில் எடுத்த போட்டோ எல்லாம் வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. எங்கே வந்தது என்று நாம் காட்டாமல் யார் வந்து சுடுவார்கள்?

பஞ்சாயத்தையும் விடக்கூடாது. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊர் ஜனங்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுத வேண்டும். உங்களை யாராவது கேட்டார்களா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ...ஒருத்தர்கூட இல்லை. வருகிற கிராம சபையில் அந்தப் பதிவேட்டை எடுத்து வந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுவோம். நம் மேய்ச்சலும் கோரையும் மீனும் அதில் ஏற வேண்டும் என்று தீர்மானம் போடுவோம். கழுவெளியில் கணக்கெடுப்பு நடக்கும்போது ஊருக்கு இரண்டு விவசாயியைக் கூட வைத்துக்கொண்டு எண்ண வேண்டும், எண்ணியதன் நகலைத் தமிழில் பஞ்சாயத்து போர்டில் ஒட்ட வேண்டும் என்று வனத்துறைக்கு இன்றைக்கே மனு எழுதியிருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நாற்பது பக்க நோட்டு சங்கச் செலவில் வாங்கி வைத்திருக்கிறோம், தெருவுக்கு ஒன்று. தாய்மார்கள் இரண்டு பேராவது வாங்க வேண்டும், விடியற்காலையில் கொல்லிக்கு முதலில் போகிறது நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மதகுகிட்ட கூடுவோம். நான் சொன்னேனே அந்தக் காலேஜ் பொண்ணு, அதுவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறது.