தானா அணைஞ்சு தானா எழும் கம்ப்யூட்டர்: கடைக்குத் தூக்குறதுக்கு முன்னாடி

(சாணார்பட்டியில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சற்றுச் சுருக்கி வெளியிடப்படுகிறது.)



சேமிப்பு பற்றி, சுழல்நிதி பற்றி, வங்கிக் கடன் பற்றி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாப் பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. "வீட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு தானா ஸ்டார்ட் ஆகுது, என்ன பண்றது?" இதைப் பேசச் சொன்னாங்க. கல்யாண வீட்டுல வந்து கிரைண்டர் ரிப்பேர் பேசுறாளேன்னு சிலருக்குத் தோணலாம். ஆனா மாசக் கூட்டத்துல என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதாங்க.

1989-ல தர்மபுரி மாவட்டத்துல பெண்கள் குழு ஆரம்பிச்சப்போ நோட்டும் பேனாவும்தான். 1992-ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோட இணைக்கிற திட்டத்தைத் தொடங்கினப்பவும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் கடன். இன்னைக்கும் தீர்மான நோட்டு இருக்கு. ஆனா வரவு செலவு அறிக்கை, கடன் விண்ணப்பம், தணிக்கைக்குக் கொடுக்கிற பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிருச்சு. அந்தக் கம்ப்யூட்டர் ஏ.சி. ரூம்ல இல்ல. நம்ம வீட்டுல, ஓட்டுக்குக் கீழ, ஒரு பக்கம் நெல்லு மூட்டை, ஒரு பக்கம் தையல் மெஷின், நடுவுல இருக்கு.

நம்ம ஒன்றியத்துலயே, நத்தம் ரோட்டுல இருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊர்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு சகோதரி குழுவுல 18,000 ரூபாய் கடன் வாங்கி, பழைய டெஸ்க்டாப் ஒண்ணும் பிரிண்டரும் வாங்கினாங்க. ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறது, நாலஞ்சு குழுவுக்கு அறிக்கை டைப் பண்ணிக் கொடுக்கிறது, இதுதான் வருமானம். மூணாவது மாசத்துல இருந்து மெஷின் பட்டுன்னு அணைஞ்சு திரும்ப எழ ஆரம்பிச்சது. ஒரு நாள் மூணு மணி நேரம் டைப் பண்ணின அறிக்கை போச்சு. பக்கத்து டவுன்ல ஒரு கடையில காட்டினப்போ, தொறந்துகூடப் பார்க்காம, "மதர்போர்டு போச்சு, 6,500 ஆகும்"னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர், "வித்துப் போடு, கடனைக் கட்டிட்டு வேற வேலையைப் பாரு"ங்கிறார். மாசத் தவணை 1,000 ரூபாய் நிக்குது. அந்தப் பெட்டியோட சேர்ந்து அவங்க தொழிலும், குழுவுல அவங்க பேரும் ஆடுச்சு.

அவங்களுக்கு நான் சொன்ன முதல் வேலை, ஒரு நோட்டுப் போடுங்கன்னுதான். தேதி, அணைஞ்ச நேரம், போட்டு எத்தனை நிமிஷத்துல அணைஞ்சது, அப்ப என்ன வேலை ஓடுச்சு, தோட்டத்து மோட்டார் ஓடுச்சா, வெயிலா, மழையா. ஒரு வாரம் எழுதுங்க. அதுவரைக்கும் எந்தக் கடைக்கும் தூக்காதீங்கன்னு சொன்னேன்.

ஏன்னா கம்ப்யூட்டர் காரணம் இல்லாம அணையாது. காரணம் பெரும்பாலும் நாலுல ஒண்ணு: கரண்ட், சூடு, தளர்ந்த இணைப்பு, உள்ளே இருக்கிற புரோகிராம். எந்த நேரத்துல, எந்த வேலையில அணையுதுன்னு தெரிஞ்சா பாதி காரணம் தெரிஞ்ச மாதிரி. காய்ச்சல் காலையில வருதா, சாயங்காலம் வருதான்னு டாக்டர் கேட்கிறாரே, அந்தக் கேள்விதான் இதுவும்.

முதல்ல காசில்லாத ஒரு சோதனை. கம்ப்யூட்டரைப் போட்ட உடனே டெலிட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ்னு ஒரு திரை வரும். எந்தப் பட்டன்னு சில மெஷின்ல மாறும், முதல் திரையிலேயே போட்டிருக்கும். அதுல எதையும் மாத்தாம, அந்தத் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுடுங்க. அங்க விண்டோஸ் ஓடாது. அப்பவும் அணைஞ்சா குறை கரண்டுலயோ, சூட்டுலயோ, பாகத்துலயோ இருக்கு. விண்டோஸைத் திரும்பப் போடுறதுக்குக் காசு கொடுக்காதீங்க. அங்க நல்லா நின்னு, விண்டோஸுக்குள்ள போனா மட்டும் அணைஞ்சா, புரோகிராம் பக்கமும் பார்க்கணும். வேலைப் பளு ஏறினாத்தான் சூடு ஏறும். அதனால சூட்டையும் அப்பவே விட்டுடக் கூடாது.

இனி கரண்டு. நம்ம வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். பக்கத்துல மோட்டார் போட்டதும் லைட்டு மங்குதுன்னா வோல்டேஜ் இறங்குதுன்னு அர்த்தம். அதே நேரம் கம்ப்யூட்டரும் அணையுதான்னு நோட்டைப் பாருங்க. அடுத்து யு.பி.எஸ். அதுக்குள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்துடும். கம்ப்யூட்டர்ல வேலை எதையும் தொறந்து வைக்காம, யு.பி.எஸ். பிளக்கைக் கழட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலைன்னா பேட்டரியை மாத்தணும். கண் சிமிட்டுற நேரக் கரண்டு தடைக்கெல்லாம் மெஷின் அணையுறது இதனாலதான்.

முக்கியமா ஒண்ணு. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ல மாட்டாதீங்க. லேசர் பிரிண்டர் பேப்பர்ல பொடியை ஒட்ட வைக்க உள்ளே உருளையைச் சூடாக்கும். அந்த நேரம் பல நூறு வாட் இழுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குறது சுமார் 360 வாட். பிரிண்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அணையுதுன்னா வேற எங்கேயும் தேட வேணாம். பிரிண்டருக்குச் சுவத்துல தனி பிளக் பாயிண்ட் வேணும். சி.பி.யு. பெட்டியைத் தொட்டா விறுவிறுன்னு இருந்தா எர்த் சரியில்ல. அது கம்ப்யூட்டர் பிரச்சினை மட்டும் இல்ல, உயிர்ப் பிரச்சினை. அன்னைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்க.

ரெண்டாவது சூடு. புராசஸர்னு ஒரு சில்லு இருக்கு, அதுதான் மூளை. அதுக்கு மேல அலுமினியத் தகடும் ஃபேனும் இருக்கும். தகட்டு இடுக்குல தூசி அடைச்சா சூடு வெளியே போகாது. சூடு 90, 100 டிகிரியைத் தொட்டா சில்லு கருகாம இருக்க மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கும். சில மெஷின் அணைஞ்சே கிடக்கும், சிலது உடனே எழுந்துக்கும். காலையில நல்லா ஓடி மத்தியானம் அணையுது, போட்டு பத்து இருபது நிமிஷத்துல அணையுது, அணைஞ்ச உடனே போட்டா இன்னும் சீக்கிரம் அணையுதுன்னா சூடுதான்னு சந்தேகப்படுங்க. பக்கவாட்டுக் கதவைக் கழட்டி வெச்சு, டேபிள் ஃபேனை அதுக்கு நேரா ஓட விட்டுப் பாருங்க. அணையுறது நின்னா நோய் தெரிஞ்சு போச்சு. கதவு தொறந்திருக்கிறப்ப உள்ளே கை விடக் கூடாது, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது.

சுத்தம் பண்றப்ப சுவிட்சை அணைச்சு, பிளக்கையும் கழட்டிடுங்க. பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க. பெட்டியைத் திண்ணைக்கு எடுத்துட்டு வந்து, புதுசா, ஈரமில்லாத பெயிண்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டுத் தட்டணும். வாயால ஊதாதீங்க, எச்சில் படும். ஈரத் துணி ஆகாது. தகட்டைக் கழட்டினா அடியில தடவுற பேஸ்ட்டைப் புதுசாத் தடவியே ஆகணும். அது தெரிஞ்சவங்க மட்டும் கழட்டுங்க.

மடிக்கணினி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2011-ல இருந்து அரசு கொடுத்த மடிக்கணினி நம்மள்ல நிறையப் பேர் வீட்டுல பிள்ளைங்க படிச்சு முடிச்ச பிறகும் ஓடுது. அதை மெத்தை மேல, தலையணை மேல வெச்சு வேலை பார்க்காதீங்க. அது மூச்சு விடுற ஓட்டை அடியிலதான் இருக்கு.

மூணாவது, தளர்ந்த இணைப்பு. ரேம்னு ஒரு பட்டை, கிளிப்புல மாட்டியிருக்கும். பிளக்கைக் கழட்டிட்டு, பெட்டியோட இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு, ரேமைக் கழட்டுங்க. அதோட தங்க நிறப் பல்லை, பிள்ளைங்க பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, துகளைத் தட்டிட்டு, ரெண்டு பக்கமும் கிளிப் 'டக்'குன்னு விழுற வரைக்கும் மாட்டுங்க. இரண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா மாட்டிப் பார்க்கலாம்.

நாலாவது, புரோகிராம். விண்டோஸ் அப்டேட் முடிஞ்சா தானா ரீஸ்டார்ட் ஆகும். அது கோளாறு இல்ல. அப்டேட் செட்டிங்ல 'ஆக்டிவ் ஹவர்ஸ்'னு நம்ம வேலை நேரத்தைக் குறிச்சு வெச்சா அந்த நேரத்துல தொந்தரவு பண்ணாது. நீலத் திரை மின்னி மறைஞ்சா, அதுல இருக்கிற எழுத்தைப் படிக்கணுமே. கண்ட்ரோல் பேனல், சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி, இந்த வழியில போயி 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துடுங்க. அடுத்த தடவை நீலத் திரை நிக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாம். 'ஈவென்ட் வியூவர்'ல 'கெர்னல் பவர் 41'னு இருந்தா, முறையா அணைக்காமலே மெஷின் நின்னுருக்குன்னுதான் அர்த்தம். அதை மட்டும் காட்டி யாராவது போர்டு போச்சுன்னு சொன்னா நம்பாதீங்க.

புரோகிராம் கோளாறு படிச்சவங்களையும் பெரிய கம்பெனியையும் விட்டதில்ல. 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர்னு ஒரு வைரஸ், 60 செகண்ட் எண்ணிக் காட்டி உலகம் பூரா கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ண வெச்சது. 2024 ஜூலை 19-ல கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்பு மென்பொருளோட ஒரு தப்பான அப்டேட்னால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் முடங்குச்சு. நிறைய மெஷின் திரும்பத் திரும்ப அணைஞ்சு எழுந்துக்கிட்டே இருந்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையத்துலயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. நோட்டும் பேனாவும் நமக்கு எப்பவும் துணைங்கிறதுக்கு வேற சாட்சி வேணுமா? இன்னொண்ணு, விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட பொதுவா முடிஞ்சது. பழைய மெஷின்ல வங்கி வேலை பார்க்கிறவங்க இதைக் கவனத்துல வைங்க.

நாம தொடக் கூடாததும் ஒண்ணு இருக்கு. எஸ்.எம்.பி.எஸ்.னு பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பெட்டி, கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிறது. பிளக்கைக் கழட்டின பிறகும் அதுக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும். அதைத் தொறக்கவே கூடாது. அது மேல சந்தேகம்னா, நல்லா ஓடுற வேற எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தெரிஞ்சவங்களை விட்டு மாட்டிப் பார்க்கணும். போர்டு மேல உருளை உருளையா இருக்கிற கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா அது கடை வேலை. கடைக்குப் போறப்ப நோட்டையும் கொண்டு போங்க. எந்தப் பாகத்தை மாத்தினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. பில் வாங்குங்க.

அந்தச் சகோதரி நோட்டு என்ன சொல்லுச்சு? ஒரு வாரத்துல 11 தடவை அணைஞ்சிருந்துச்சு. 7 தடவை மத்தியானம் பன்னெண்டுக்கு மேல. மிச்சம் 4 தடவையும் பிரிண்ட் கொடுத்த நிமிஷத்துல. ரெண்டு நோய். அவங்க வீட்டுல புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலையும் நடக்கும். தொறந்து பார்த்தா புளியந்தூசியும் நாரும் தகட்டுல மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. லேசர் பிரிண்டர் யு.பி.எஸ்.ல தொங்குச்சு. சுத்தம் பண்ணி, தெரிஞ்ச தம்பியை வெச்சுப் புது பேஸ்ட் தடவ 150 ரூபாய். வயர்மேன் தனி பிளக் பாயிண்ட் போட 330 ரூபாய். ஆக 480 ரூபாய். மதர்போர்டு அதேதான் இன்னைக்கும் ஓடுது. ஒரு தவணையும் பாக்கி இல்ல.

எல்லா மெஷினும் 480 ரூபாயில சரியாகும்னு நான் சொல்ல வரல. சிலது நிஜமாவே போர்டு போயிருக்கும். ஆனா அதைக் கடைசியாத்தான் முடிவு பண்ணணும். காசில்லாத சோதனை முதல்ல, காசு குறைஞ்சது ரெண்டாவது, காசு பெரிசு கடைசி.

அதுவரைக்கும் கணக்கைக் காப்பாத்தணும். மெஷின் போனா வேற வாங்கலாம், பத்துக் குழுவோட மூணு வருஷக் கணக்கைக் கடையில வாங்க முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கண்ட்ரோல் எஸ்' அமுக்குங்க. வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு பென் டிரைவ்ல நகல் எடுங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பொருளாளர் வீட்டுல. ரெண்டையும் ஒரே பீரோவுல வைக்காதீங்க.

கடைசியா, கூட்டமைப்பு நிர்வாகிகள் முன்னாடி ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், நல்லா ஓடுற ஒரு எஸ்.எம்.பி.எஸ்., ஒரு யு.பி.எஸ். இதெல்லாம் கூட்டமைப்புப் பணத்துல வாங்கி அலுவலகத்துல வைக்கணும். குழுக்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயி, மாட்டிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். ஊராட்சிக்கு ஒரு பிள்ளை இந்த வேலையைக் கத்துக்கணும். சொல்லிக் கொடுக்க நான் தயார். அடுத்த மாசக் கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன்.