பஞ்சாயத்துக் கணக்குக்கு இரண்டாம் பிரதி

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைக் குறித்தே இக்கூட்டங்களில் நாம் பேசுவது வழக்கம். இன்று ஒரு கையடக்கப் பெட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். மடிக்கணினியுடன் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கப்படும் வெளி ஹார்டு டிஸ்க்கே அது.

நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு பஞ்சாயத்தின் மடிக்கணினி, ஒரு மழைக்காலத்தில் பழுதாகி நின்றுவிட்டது. வீட்டு வரிப் பட்டியல், குடிநீர் இணைப்பு விவரம், வேலைகளின் புகைப்படங்கள் யாவும் அதில் மட்டுமே இருந்தன. பழைய ரசீதுகளைப் புரட்டி வரிப் பட்டியலை மீண்டும் தயாரிக்க ஒரு மாதம் ஆயிற்று. புகைப்படங்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. மேற்பார்வையிட வேண்டிய நானும், இரண்டாம் பிரதி உள்ளதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அக்குறை என்னையும் சாரும்.

விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைக்கும் விவசாயி உண்டா? கணக்குக்கும் அந்த விவேகம் வேண்டும்.

எத்தகைய டிஸ்க் வாங்குவது? இவற்றில் இரு வகைகள் உள்ளன. ஒன்று, உள்ளே தட்டுச் சுழல்வது. விலை குறைவு, கொள்ளளவு அதிகம், ஆனால் ஓடும்பொழுது கீழே விழுந்தால் கெட்டுவிடக்கூடும். மற்றொன்று எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பாகம் இல்லை. வேகமும், அதிர்ச்சியைத் தாங்கும் திறனும் மிகுதி. விலை கூடுதல், மின்தொடர்பின்றிப் பல ஆண்டுகள் பூட்டி வைப்பதற்கும் ஏற்றதன்று. வாரந்தோறும் பிரதி எடுத்துப் பீரோவில் வைப்பதற்குச் சுழலும் வகையே போதும். பையில் போட்டு ஊர் ஊராகச் செல்பவர் எஸ்.எஸ்.டி. வாங்கலாம்.

சுழலும் வகையில் இரண்டரை அங்குல டிஸ்க், கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். மின்தடை நேரும் ஊர்களுக்குச் சிறியதே நலம்.

கொள்ளளவு, உங்கள் மடிக்கணினியில் உள்ளதைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். 1 டெராபைட் டிஸ்க்கைக் கணினி 931 ஜிகாபைட் என்று காட்டினால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் 1000 வீதம் பெருக்குகிறார். கணினி 1024 வீதம் கணக்கிடுகிறது. ஆனால், 16 டெராபைட் என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு விற்பவை போலி. நிரப்ப நிரப்ப, முன்பு வைத்தவை அழிந்துபோகும்.

யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2008-இல் வந்த 3.0 இணைப்புக்கு அது 5 ஜிகாபிட். ஆகவே 3.0 அல்லது அதற்குப் பிந்தியதையே கேளுங்கள். பழைய கணினியிலும் அது மெதுவாக வேலை செய்யும். புதிய கணினிகள் சிலவற்றில் ‘சி’ வகைத் துளை மட்டுமே உண்டு. மடிக்கணினியையே கடைக்கு எடுத்துச் சென்று, கம்பி பொருந்துகிறதா என்று பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். உத்தரவாதம் பெட்டிக்குத்தான், உள்ளிருக்கும் கணக்குக்கு அன்று என்பதையும் மறவாதீர்கள்.

வாங்கியபின் கடைப்பிடிக்க வேண்டியவை சில. கணினியில் உள்ளதை அழித்துவிட்டு டிஸ்க்கில் மட்டும் வைத்தால் அது இரண்டாம் பிரதி ஆகாது. பிரதி எடுத்தவுடன் முறைப்படி விடுவித்துக் கழற்றி விடுங்கள். கணினியைத் தாக்கும் வைரஸ், இணைத்திருக்கும் டிஸ்க்கையும் தாக்கும். அதை வேறொரு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். மக்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் அதில் இருப்பதால் கடவுச்சொல் அவசியம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சில கோப்புகளைத் திறந்து படித்துப் பாருங்கள்.

விவசாய அன்பர்களே, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் உங்களில் பலர் இல்லங்களுக்கும் கணினி வந்தது. பட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை அதில் வைத்திருந்தால், இவ்வுரை உங்களுக்கும் பொருந்தும்.

இனி நான் பஞ்சாயத்துகளைப் பார்வையிட வரும்பொழுது கேட்கும் முதற்கேள்வி, “இரண்டாம் பிரதி எங்கே?” என்பதாகவே இருக்கும். பதிலோடு டிஸ்க்கையும் எடுத்துக் காட்டுவீர்கள் என நம்புகிறேன்.