அடுப்புப் புகையும் இழுப்பும்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கிற அக்காள்மடத்தில் கடல் காற்றுக்குப் பஞ்சமில்லை. இங்கே ஆஸ்துமா எப்படி வரும் என்று கேட்கலாம். அந்தக் காற்று எல்லா அடுப்படிக்கும் போய்ச் சேருவதில்லையே! விறகும் பனை மட்டையும் எரியும்போது கிளம்பும் நுண்துகள் மூச்சுக்குழாயை வீங்க வைத்து இழுப்பைத் தூண்டும். மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாது.

2016-ல் வந்த உஜ்வாலா திட்டம் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தந்தது. ஆனால் அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாத வீட்டில் மறுபடி விறகுதான். அதனால் சிலிண்டர் விலையும் ஒரு சுகாதாரப் பிரச்சினை என்றே நான் சொல்வேன். விறகு தவிர்க்க முடியாவிட்டால் வாசலில் வைத்துச் சமையுங்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஹேலர் பழகினால் விடமுடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இழுப்பைத் தணிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்கே போகிறது. ஆனால் இழுப்பு வரும்போது மட்டும் அதை எடுத்தால் போதாது. வீக்கத்தை அடக்கும் தடுப்பு இன்ஹேலரும் வேண்டும் என்று 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் திருத்தப்பட்டுவிட்டன. தடுப்பு இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். குழந்தைகளுக்கு இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்திக் கொடுக்கும் முறையை மருத்துவரிடம் நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.