மலைச்சரிவில் வீடு, யாருக்குப் பொறுப்பு?

1993 டிசம்பர் 11-ஐ அம்பாங்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் புளோக் சரிந்து 48 பேர் மாண்டனர்.

எஞ்சிய இரண்டு புளோக்குகளின் வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். கவனக்குறைவில் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் பங்கு 15 விழுக்காடு என்று 2000-இல் உயர்நீதிமன்றம் கணித்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றமோ, 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் காட்டிக் கழகத்தை விடுவித்தது.

அமெரிக்காவின் சர்ப்சைடில் 2021-இல் அடுக்குமாடி இடிந்து 98 பேர் பலியாயினர். ஓராண்டுக்குள் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. இங்கோ வழக்கு முடியவே பல்லாண்டு ஆனது.

ஆகவே, மலையோரம் வீடு வாங்குவோர் அனுமதிக் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். தடுப்புச் சுவரையும் வடிகாலையும் பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். தீர்ப்பு வரும், போன உயிர் வராது.