பேகன் போர்வையும் எம்.சி. சாலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

‘இலக்கியத்தில் கொடை’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. யானையும் தேரும் பொன்னும் வாரி வழங்கிய வள்ளல்களைப் பற்றி இவ்வவையில் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். ஆகவே அவற்றையெல்லாம் விடுத்து, போர்வை என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டையில் நின்று பேசுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வாய்க்காது. இங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை இருக்கிறது. வடசென்னைக் குடும்பங்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கும் கடைத்தெரு அது. மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே நடைபாதையில் போர்வைக் கட்டுகளும் இடம்பிடித்துவிடும்.

போர்வை என்றதும் தமிழ் கற்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருபவன் வையாவிக் கோப்பெரும் பேகன். இன்று பழனி என வழங்கும் பொதினிக்குத் தலைவன். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். ‘படாம்’ என்னும் அழகிய சொல்லால் பரணர் அப்போர்வையைக் குறிக்கிறார். மயில் அதை உடுக்கவோ போர்த்துக்கொள்ளவோ போவதில்லை என்று அறிந்தே அவன் கொடுத்தான் என்பது புறநானூற்று 141ஆம் பாட்டின் செய்தி. அடுத்த பாட்டில் அதே புலவர், வயலென்றும் களர்நிலமென்றும் பாராமல் பெய்யும் மழைக்கு அவனை ஒப்பிட்டு, அவனது கொடைமடத்தைப் பேசுகிறார்.

பள்ளிப் பாடம் இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. புறநானூறோ 143 முதல் 147 வரை ஐந்து பாடல்களில் வேறொன்றைச் சொல்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவள் கண்ணீர் வடித்துக் கொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்றனர். அவர்கள் பரிசில் வாழ்க்கையினர். பொருள் வேண்டாதவர் அல்லர். ஆயினும் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. இன்றே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பதுதான் தாம் வேண்டும் பரிசில் என்றனர். மயிலுக்குப் போர்த்திய கை, வீட்டில் வாடுகிறவளை மறந்துவிட்டது. அம்மறதியை வள்ளலின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னவர்கள் புலவர்கள். கொடையைப் புகழ்வது அவர்கள் தொழில். அக்கொடை சேராத இடத்தைச் சுட்டுவது அவர்கள் கடமை. இந்த இரண்டாவது செயலையே இன்று இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

அன்பர்களே, நாம் நிற்கும் இந்நிலம் துணியோடு தொடர்புடையது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊரே, திருவொற்றியூரை அடுத்த இன்றைய காலடிப்பேட்டை. கம்பெனியாரின் துணிகளை வெளுத்துத் தந்த தொழிலாளர் வாழ்ந்ததால் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. பெரம்பூர்ப் பக்கம் இருந்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. நெய்தவர்களும் வெளுத்தவர்களும் ஆலையில் உழைத்தவர்களும் வாழ்ந்த வடசென்னையில், இன்று வேற்றூர்ப் போர்வையைப் பேரம் பேசி வாங்குகிறோம்.

‘சென்னையில் குளிர் ஏது, போர்வை எதற்கு?’ என்று சிலர் வினவலாம். மார்கழி இரவிலும் இங்கு வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது சுவருக்குள் உறங்குவோரின் கணக்கு. ஈரத் தரையும் கடற்காற்றும் சேர்ந்தால் அதே 20 பாகை உடம்பை நடுக்கும். காசிமேட்டில் விடியலுக்கு முன் மீன் ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயில் திறக்கக் காத்துக் கிடக்கும் சரக்குந்து ஓட்டுநர்கள், கிடங்குகளின் இரவுக் காவலர்கள், ஸ்டான்லி மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக வந்து வெளியே படுத்திருப்போர் ஆகியோரைக் கேட்டால் குளிரின் பொருள் விளங்கும். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்குள் நுழையும் முன், மழையில் நனைந்து தீயில் கைகாய்ச்சி நிற்கும் கோவலரைத்தானே முதலில் காட்டுகிறார்!

சென்ற கார்த்திகையில், மாணவியர் திரட்டிய சிறு தொகையோடு எம்.சி. சாலைக்குப் போர்வை வாங்கச் சென்றேன். நடைபாதையில் கடை விரித்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்ததும் கேட்டார்: “இன்னாம்மா, வூட்டுக்கா, குடுக்கறதுக்கா?” அவர் முன்னே இரண்டு அடுக்குகள் இருந்தன. வீட்டுக்கு வாங்குவோர்க்கு ஒன்று. தானமாகக் கொடுக்க வாங்குவோர்க்கு மற்றொன்று. இரண்டாவது அடுக்கில் இருந்தவை நீளம் குறைந்தவை. விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் எதிரே போகும் பேருந்து தெரிந்தது. “குடுக்கறவங்க யாரும்மா பிரிச்சிப் பாக்கறாங்க? எண்ணிக்கதான் கேக்கறாங்க” என்றார் அவர். கொடை இலக்கியம் பற்றிய நூல்கள் எதிலும் நான் படிக்காத திறனாய்வு அது.

வீட்டு அடுக்கிலிருந்து வாங்குவதென்று முடிவு செய்தோம். எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. போர்வையைத் தேரும் முறையையும் அந்த அம்மையாரே கற்றுத்தந்தார். கையில் தூக்கி எடை பார்க்க வேண்டும். விரித்து நீளம் பார்க்க வேண்டும். ஓரத்து நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். பருத்தி காகிதம் எரியும் நாற்றம் தரும். கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகி மணிபோல் இறுகும். ஆனால் பாலியஸ்டரை அவர் பழிக்கவில்லை. “ரோட்ல படுக்கறவங்களுக்கு அதான் தோது. நனைஞ்சா சீக்கிரம் காஞ்சிரும்” என்றார். பருத்தி நீரைக் குடித்துக்கொண்டு நாள் முழுதும் காயாது என்பதை அடைமழை கண்ட எவரும் மறுக்க முடியாது. பெறுகிறவரின் நிலையறிந்து கொடுப்பதே கொடை என்பதை அங்கே நின்று உணர்ந்தேன்.

மலிவு என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். நெல் மலிந்த ஊரில் நெல்லின் விலை இறங்கும். அதனால் நிறைவைக் குறித்த சொல் விலைக்குறைவையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு. 1813இல் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பெஞ்சமின் லா என்பவர் பழங்கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி மீண்டும் நூற்று நெய்யும் முறையைக் கண்டார். ‘ஷாடி’ என்னும் அத்துணியின் பெயரே பின்னர் மட்டமானது என்னும் பொருளைப் பெற்றது. இன்று அரியானாவின் பானிபட் நகரம் அத்தொழிலுக்கு உலகப் புகழ் பெற்றது. அயல்நாடுகள் கழித்த ஆடைகள் அங்கே நிறம் பிரிக்கப்பட்டு, கிழிபட்டு, நூலாகிப் போர்வையாகின்றன. பேரிடர்க் காலங்களில் வழங்கப்படும் முரட்டுப் போர்வைகள் பல அங்கிருந்து வந்தவையே. கந்தலைப் போர்வையாக்கும் உழைப்பை நான் வணங்குகிறேன். ஏழைக்கு இது போதும் என்னும் எண்ணத்தை மட்டுமே மறுக்கிறேன்.

மலிவின் மறுமுனையில் நெசவாளர் இருக்கிறார். ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை போர்வைக்கும், பவானி ஜமுக்காளத்துக்கும் பெயர் பெற்றவை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என்றது; பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. ஜமுக்காளமும் படுக்கை விரிப்பும் முரட்டுக் கம்பளியும் அப்பட்டியலில் உள்ளவை. சட்டம் இருந்தும் விசைத்தறித் துணியோடு விலையில் போட்டியிட முடியாமல் தறிகள் ஓய்கின்றன. வாங்குகிறவர் கையில் பணமில்லை, நெய்கிறவர்க்குக் கூலியில்லை. இது நிறைவால் வந்த மலிவு அன்று. இருபுறமும் வறுமை அழுத்தியதால் இறங்கிய விலை.

இனி நம் மேடைக்கு வருகிறேன். இன்று காலை முதல் இங்கே எத்தனை பொன்னாடைகள் போர்த்தப்பட்டன! மினுமினுக்கும் அவ்வாடை யாருடைய குளிரையும் போக்காது, துவட்டவும் உதவாது. பெற்றவர் வீட்டு அலமாரியில் அடுக்கப்பட்டு, அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்கு ஏறும். பேகனின் கொடைமடத்திலாவது ஒரு நடுக்கத்தைக் கண்ட நெஞ்சு இருந்தது. நம் பொன்னாடையில் அதுவும் இல்லை.

ஆகவே பத்தாம் ஆண்டில் நம் வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, அடுத்த கூட்டம் முதல் பொன்னாடையை நிறுத்துவோம். சிறப்பிக்க வேண்டியவரைக் கைத்தறித் துண்டாலோ போர்வையாலோ சிறப்பிப்போம். 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்சில் அவை கிடைக்கும். மற்றொன்று, ஆண்டுதோறும் ஐப்பசியில், மழை வலுக்கும் முன், உறுப்பினர்கள் இயன்றதைத் திரட்டிப் போர்வை வாங்குவோம். என்ன வேண்டும் என்று உறங்கும் இடத்துக்கே போய்க் கேட்டு, ‘வீட்டு’ அடுக்கிலிருந்து வாங்குவோம். கொடுக்கும்போது நிழற்படம் வேண்டாம்.

கவிஞர்களுக்குத் தனியே ஒரு சொல். பேகனைப் பாடிய நால்வரும் அவன் கொடையை அறிந்திருந்தார்கள். அவன் மறந்தவளையும் அறிந்திருந்தார்கள். நம் நகரில் போர்வை சேராத இடம் எதுவென்று நீங்கள் பாட வேண்டும். கேட்பவர் சினந்தாலும் பாட வேண்டும்.